தேனுக்குள் இறைச்சி: நொக்ஸ் சொன்னதும் அப்பு சொன்னதும்

றொபேட் நொக்ஸ் என்றவுடன் எங்கட ஆக்களுக்கு ஞாபகம் வருவது ஒரு வரைபடம். 1681இல் லண்டனில் வெளிவந்த அவருடைய இலங்கைப் புத்தகத்தில் அது இருக்கிறது. வடக்கே கயிலை வன்னியனின் நாடு என்று குறித்திருப்பதைக் காட்டி, "பார்த்தீங்களோ, அப்பவே வெள்ளைக்காரன் எழுதி வைச்சிருக்கிறான்" என்று ஊரிலும் இங்கேயும் எத்தனையோ மேடைகளில் பேசிவிட்டார்கள். பேசட்டும், பேசவேண்டிய விசயம்தான். ஆனால் அதே புத்தகத்தில் வேடர்களைப் பற்றியும் ஒரு பகுதி இருக்கிறது. அதற்குள்ளே தேனைப் பற்றி இரண்டு மூன்று வசனங்கள். அந்தப் பக்கத்தைப் புரட்டி யாரும் பேசி நான் கேட்டதில்லை.

நான் வேலை செய்வது ஒரு றெஸ்ரோறண்ட் கிச்சினில். இறைச்சியைப் பழுதாகாமல் வைத்திருப்பதுதான் என் பிழைப்பு. எது எந்தத் திகதியில் வந்தது, எத்தனை பாகைக்குள் இருக்கிறது, எப்போது எறியவேண்டும் என்பதிலேயே நாள் போய்விடும். அதனாலோ என்னவோ, எல்லைக்கோட்டை விட எனக்கு அந்த வசனங்கள்தான் முதலில் கண்ணில் பட்டன.

நொக்ஸ் சொல்வது இதுதான். வேடருக்கு இறைச்சியைப் பாதுகாக்கத் தங்களுக்கென்றே ஒரு முறை உண்டு. பொந்துள்ள மரமொன்றை வெட்டித் திறந்து, அதற்குள் தேனை விட்டு, பிறகு இறைச்சியால் நிரப்பி, வாயைக் களிமண்ணால் அடைத்து விடுவார்கள். பஞ்சம் வரும் நேரத்தில் எடுத்துச் சாப்பிடுவதற்கான இருப்பு அது. அவ்வளவுதான். என்ன மரம், எத்தனை மாதம், எந்தத் தேன் என்று எதுவும் இல்லை.

இந்த மனிசன் எப்படி அங்கே போனார் என்பதைத் தெரியாதவர்களுக்காக ஒருக்கால் சொல்லிவிடுகிறேன். 'ஆன்' என்ற கப்பல் புயலில் பாய்மரம் முறிந்து, அதைச் சரிசெய்ய எங்கட கொட்டியாரக் குடாவுக்குள் வந்தது. கப்டன் தகப்பன் நொக்ஸ். மகனுக்கு அப்போது 19 வயது. 1660இல் மூதூரில் வைத்துக் கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் இருவரையும் வேறு பலரையும் பிடித்துக்கொண்டு போனார்கள். புளியமரத்துக்குக் கீழே பிடிபட்டார்கள் என்று சொல்லிப் பிற்காலத்தில் அங்கே கல்லும் நட்டார்கள். தகப்பன் அடுத்த வருசமே காய்ச்சலில் இறந்துபோனார். மகன் ஏறத்தாழ 20 வருசம் தொப்பி பின்னி விற்றும், நெல்லு வட்டிக்குக் கொடுத்தும், ஊர் ஊராய் வியாபாரம் செய்தும் சீவித்துவிட்டு, 1679இல் ஒரு கூட்டாளியோடு தப்பி, அனுராதபுரம் தாண்டி, நாங்கள் அருவியாறு என்று சொல்லுகிற ஆற்றங்கரையைப் பிடித்துக்கொண்டு நடந்து, மன்னாருக்குத் தெற்கே அரிப்புக் கோட்டையில் ஒல்லாந்தரிடம் போய்ச் சேர்ந்தார். பிடிபட்டதும் எங்கட கரையில், தப்பி வந்து சேர்ந்ததும் எங்கட கரையில். அகதியாய் நடந்தவர்களுக்கு அந்தக் கடைசி அத்தியாயங்களை வாசிக்க வேறொரு உணர்வு வரும். அதை இன்னொரு நாள் எழுதவேண்டும்.

நொக்ஸ் மட்டும் சொல்லியிருந்தால் கேள்விப்பட்ட கதையை எழுதிவிட்டார் என்று விடலாம். ஆனால் போர்த்துக்கேயக் கப்டன் ஜோவாவோ றிபெய்றோ இருக்கிறார். 1640 தொடக்கம் 1658 வரை இலங்கையில் இருந்த படையாள். ஊருக்குத் திரும்பி வயதான காலத்தில், 1685இல் தன் நூலை எழுதி முடித்தார். வேடர் இறைச்சியைத் தேனிலிட்டு வைப்பதை அவரும் குறிப்பிடுகிறார். ஒருவர் ஆங்கிலேயக் கைதி, மற்றவர் அதற்கு முன்பே நாட்டை விட்டுப் போன போர்த்துக்கேயர். இரண்டு பேரும் ஒரே விசயத்தைச் சொல்லும்போது அது வெறும் கட்டுக்கதை இல்லை என்றுதான் நான் நினைக்கிறேன்.

அதே பகுதியில் நொக்ஸ் சொல்லும் இன்னொரு விசயமும் இருக்கிறது, எனக்குப் பிடித்தது. வேடருக்கு அம்பு முனை தேவைப்பட்டால், இரவில் வந்து கொல்லனுடைய பட்டறையில் இறைச்சியைத் தொங்கவிட்டு, தங்களுக்கு வேண்டிய அம்பின் வடிவத்தில் ஓர் இலையை வெட்டிப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவார்களாம். கொல்லன் அந்த மாதிரியே செய்து அதே இடத்தில் வைத்தால் பிறகும் இறைச்சி வரும். ஏமாற்றினால் ஓர் இரவில் அம்பு வரும். முகம் பார்க்காத வியாபாரம். மான் இறைச்சியை நெருப்புக்கு மேலே காயவைப்பார்கள், நாட்டுச் சனம் வந்து வாங்கிக்கொண்டு போகும் என்றும் எழுதுகிறார்.

இந்தக் கடைசி வசனத்தைக் கவனியுங்கள். நெருப்புக்கு மேலே காயவைத்த இறைச்சி. தேன் பொந்தைப் பற்றிச் சொல்கிற மற்றவர்கள் எல்லோரும் இதை விட்டுவிடுகிறார்கள். எனக்கு இது முக்கியமாகப் பட்டதற்குக் காரணம் என்னுடைய அப்பு.

அம்மாவின் தகப்பனைத்தான் அப்பு என்று சொல்கிறேன். ஒட்டுசுட்டான் பக்கம். கமக்காரன், ஆனால் காடு தெரிந்த கமக்காரன். வன்னியில் மரை வத்தல் சாப்பிட்டவர்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. சாப்பிடாதவர்களுக்காக: மரை, மான் இறைச்சியை நீட்டு நீட்டாய்க் கீறி, உப்பும் மஞ்சளும் பிரட்டி, வெயிலில் ஒரு நாள், பிறகு அடுப்புக்கு மேலே கட்டின பரணில் கிழமைக்கணக்கில். விறகுப்புகை பட்டுப்பட்டுக் கறுத்து, தட்டினால் மரக்கட்டை மாதிரிச் சத்தம் வரும். (சட்டப்படி அது அப்போதும் குற்றம்தான். வனசீவராசிகளுக்கான சட்டம் 1937இலேயே வந்துவிட்டது. காட்டுக் கரையில் இருந்த சனத்துக்கும் அந்தச் சட்டத்துக்கும் இருந்த உறவு வேறு கதை.)

அந்த வத்தலில் கொஞ்சத்தை அப்பு தேன் முட்டிக்குள் போடுவார். சின்ன மண்முட்டி. அடியில் தேன், பிறகு வத்தல், மேலே திரும்பவும் தேன், வத்தல் ஒன்றும் வெளியில் தலை நீட்டக்கூடாது. வாயைச் சீலையால் கட்டி, தேன்மெழுகை உருக்கி ஊற்றுவார். மாரியில் வெள்ளம் போட்டு எங்கும் போகமுடியாத நாட்களில் அது வெளியே வரும். சுடுதண்ணியில் கழுவி, கடைசியாய்த் தேங்காய்ப்பால் விட்டு ஆச்சி குழம்பு வைப்பா. புகை மணமும் அடியில் ஒரு இனிப்பும். சின்ன வயதில் எனக்கு அவ்வளவாய்ப் பிடிக்கவில்லை, அதையும் சொல்லத்தானே வேண்டும்.

அப்புவுக்கு இதில் சில சட்டங்கள் இருந்தன. பச்சை இறைச்சி போடமாட்டார். பன்றி போடமாட்டார், "கொழுப்புக் காறிப்போம்" என்பார். கோடையில் எடுத்த தேன்தான் போடுவார். ஒருமுறை மழைக்காலத்தில் யாரோ கொண்டுவந்து தந்த தேனை அதற்குப் பாவிக்கலாமோ என்று ஆச்சி கேட்டதற்கு, "மாரித் தேனை நம்பாத, அது கள்ளாப் போற தேன்" என்றார். எனக்கு அப்போது எட்டோ ஒன்பதோ வயது. தேன் எப்படியடா கள்ளாகும் என்று யோசித்தது ஞாபகம் இருக்கிறது.

பிறகு யாழ். பல்கலைக்கழகத்தில் உயிரியல் படிக்கப்போய் இரண்டு வருசத்தோடு அது நின்றுபோனது. ஆனால் அந்த இரண்டு வருசம் அப்புவின் சட்டங்களை விளங்கிக்கொள்ளப் போதுமாய் இருந்தது.

தேனில் தண்ணீர் 17, 18 வீதம்தான். மிச்சம் பெரும்பாலும் சீனி வகைகள். அந்தச் சீனி, இருக்கிற கொஞ்சத் தண்ணீரையும் இறுக்கிப் பிடித்து வைத்திருக்கிறது. பற்றீரியாவோ மதுவமோ தேனுக்குள் விழுந்தால், குடிப்பதற்குத் தண்ணீர் கிடைக்காது. அதுமட்டுமில்லை, அதன் உடம்பில் இருக்கிற தண்ணீரையும் தேன் உறிஞ்சிவிடும். உப்புக்கருவாடு பழுதாகாமல் இருப்பதும் இதே நியாயத்தில்தான். அதற்குமேல் தேன் புளிப்பானது, இனிப்பில் எங்களுக்கு அது தெரிவதில்லை. இன்னும் ஒன்று உண்டு. தேனீ தன் சுரப்பியில் இருந்து ஒரு நொதியத்தைத் தேனுக்குள் சேர்க்கிறது. தேன் கொஞ்சம் ஐதாகும்போது அந்த நொதியம் குளுக்கோசில் இருந்து ஐதரசன் பரவொட்சைட்டை உண்டாக்கும். ஆம், புண்ணுக்குப் போட்டால் நுரைக்குமே அதேதான். தேனில் கிருமியைக் கொல்லும் ஏதோ ஒன்று இருக்கிறது என்று முதலே தெரிந்திருந்தாலும், அது இதுதான் என்று அமெரிக்காவில் ஜொனதன் வைற்றும் கூட்டாளிகளும் காட்டியது 1963இல்.

இப்போது பச்சை இறைச்சியை யோசியுங்கள். அதில் முக்கால்வாசி தண்ணீர். அதைத் தேனுக்குள் போட்டால் தேன் அந்தத் தண்ணீரை இழுக்கும், இழுத்து இழுத்துத் தானே தண்ணீராகும். 20 வீதத்தைத் தாண்டினால் தேனுக்குள் உறங்கிக்கொண்டிருந்த மதுவம் எழும்பிவிடும். பிறகு நொதித்தல்தான், நுரைதான். இறைச்சியைக் காக்கப்போன தேன் தானே பழுதாகும். வத்தல் அப்படியில்லை, அதில் இழுப்பதற்குத் தண்ணீர் இல்லை. மழைக்காலத் தேனை அப்பு நம்பாததற்கும் இதுதான் காரணம். காற்றில் ஈரம் கூடின காலத்தில் அடையில் இருக்கிற தேனும் ஈரம் கூடித்தான் இருக்கும்.

அதனால்தான் நொக்ஸின் பொந்துக்குள் போனது நெருப்பில் வாட்டிய இறைச்சியாய்த்தான் இருந்திருக்கவேண்டும் என்று நான் நினைக்கிறேன். இது என்னுடைய ஊகம், அவர் அப்படி எழுதவில்லை. ஆனால் இரண்டு வசனத்தையும் ஒரே மனிசன், ஒரே சனத்தைப் பற்றி, ஒரே பகுதியில் எழுதுகிறார். களிமண் எதற்கு என்பதும் காடு தெரிந்தவர்களுக்கு விளங்கும். காற்று, மழைத்தண்ணி ஒருபக்கம். எறும்பு, மரநாய், எல்லாவற்றுக்கும் மேலே கரடி மறுபக்கம். தேன் மணத்துக்குக் கரடி மரத்தையே பிளக்கும்.

தேன் கள்ளாகும் விசயம் எங்கட பழைய ஆக்களுக்கு நல்லாய்த் தெரிந்திருக்கிறது. திருமுருகாற்றுப்படையிலும் மலைபடுகடாமிலும் மூங்கில் குழாய்க்குள் ஊற்றி முதிரவைத்த தேன்தேறல் வருகிறது. குறிஞ்சிச் சனம் வேண்டுமென்றே செய்தது. அதாவது, எப்படி வைத்தால் தேன் இருக்கும், எப்படி வைத்தால் வெறிக்கும் என்ற இரண்டும் தெரிந்த சனம். சமயபாடத்தில் படித்த கண்ணப்பநாயனார் கதையையும் நினைத்துப் பாருங்கள். திண்ணனார் காளத்தியில் படைத்த இறைச்சியில் தேன் கலந்திருந்தது என்று சேக்கிழார் சொல்கிறார். அங்கே அது இனிப்புக்கு, காப்பதற்கில்லை. ஆனாலும் வேடர் கையில் இறைச்சியும் தேனும் சேர்ந்தே இருந்தன என்பது 12ஆம் நூற்றாண்டுப் புலவருக்கும் இயல்பாய்த் தெரிந்திருக்கிறது. கதிர்காமத்தில் வேடர் பெண்ணான வள்ளிக்கும் தேனும் தினைமாவும்தான்.

வெளிநாட்டுக் கதைகளுக்குக் குறைவில்லை. எகிப்துக் கல்லறைத் தேன் இன்னமும் சாப்பிடலாம் என்று வாட்ஸ்அப்பில் மாதத்துக்கு ஒருமுறை வரும், அதை விடுவோம். நம்பத்தகுந்த ஒன்று: கி.மு. 380இல் ஸ்பார்ட்டா அரசன் அகேசிபோலிஸ் போர்க்களத்தில் காய்ச்சலில் இறந்தபோது உடலைத் தேனிலிட்டு ஊருக்குக் கொண்டுபோனார்கள் என்று அந்தக் காலத்திலேயே வாழ்ந்த செனபோன் எழுதியிருக்கிறார். சமையல்காரனான எனக்கு அதைவிட ரோமரின் அப்பிசியஸ் சமையல் தொகுப்புத்தான் சுவையாக இருக்கிறது. உப்பில்லாமல் இறைச்சியைப் புதிதாய் வைத்திருக்க அதில் ஒரு குறிப்பு உண்டு: இறைச்சியைத் தேனால் மூடி, பாத்திரத்தைத் தொங்கவிடு. உடனே அடுத்த வரியில் உண்மையையும் சொல்லிவிடுகிறது. இது குளிர்காலத்துக்கு நல்லது, கோடையில் சில நாள்தான் தாங்கும். பச்சை இறைச்சி, சூடு, தேன் மூன்றும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்று அந்தச் சமையல்காரருக்கும் தெரிந்திருக்கிறது. இப்படி எழுதுகிற ஆள்தான் உண்மையில் சமைத்த ஆள்.

யாழ்ப்பாணத்தில் காடும் இல்லை, தேனும் இல்லை. வன்னியில் இருந்து போத்தலில் வரும், அதிலும் பாதி சீனிப்பாணி என்று சனம் முறைப்பாடு சொல்லிக்கொண்டே வாங்கும். ஆனால் அங்கே பனை இருந்தது. பனம்பழத்துக் களியைப் பாயில் ஊற்றிக் காயவைத்தால் பனாட்டு. அதைத் துண்டு துண்டாய் வெட்டிப் பனம்பாணிக்குள் ஊறப்போட்டால் பாணிப் பனாட்டு. முதலில் நல்லாய்க் காயவை, பிறகு இனிப்பான பாணிக்குள் மூழ்கவை, வாயைக் கட்டு. அப்பு வத்தலுக்குச் செய்த அதே வேலை. தேன் இல்லாத ஊர், தேனுக்குப் பதில் ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறது. பழனிப் பஞ்சாமிர்தமும் இந்த வழிதான். வாழைப்பழம், சர்க்கரை, தேன், நெய், பேரீச்சம்பழம், கற்கண்டு, ஏலம். தண்ணீர் ஒரு சொட்டும் விடுவதில்லை. 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது எல்லோரும் ருசியைப் பற்றிப் பேசினார்கள். எனக்கு அந்தத் தண்ணீர் விடாத கெட்டித்தனம்தான் பெரிதாய்த் தெரிந்தது.

இப்ப நான் இருக்கிற ஊருக்கு வருகிறேன். எங்கட சனம் ஸ்காபறோவில் இருந்து மார்க்கம், மார்க்கத்தில் வீட்டு விலை ஏற அங்கிருந்து ஸ்ரௌவ்வில் என்று வடக்கே நகர்ந்து வந்தது உங்களுக்குத் தெரியும். 1804இல் பென்சில்வேனியாவில் இருந்து வந்து குடியேறிய ஏப்ரகாம் ஸ்ரௌவர் என்ற மெனோனைற் கிறிஸ்தவரின் பெயர்தான் இந்த ஊருக்கு. இங்கே பனிக்காலம் முடிகிற நேரம் புறூசஸ் மில் பூங்காவில் மேப்பிள் பாணி காய்ச்சிக் காட்டுவார்கள். மரத்தைத் துளைத்து நீர் இறக்குவதைப் பார்க்கும்போது எனக்குப் பதநீர் ஞாபகம் வரும். 40 லீற்றர் மரநீரைக் காய்ச்சினால் 1 லீற்றர் பாணி.

ஆனால் மேப்பிள் பாணி தேன் இல்லை. அதில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர். மூடி திறந்த பாணியைக் குளிர்ப்பெட்டிக்கு வெளியே கனநாள் விட்டால் மேலே பூஞ்சணம் ஆடை மாதிரிப் படரும், கிச்சினில் கண்டிருக்கிறேன். இந்த மண்ணின் பூர்வீகக் குடிகள் ஐரோப்பியர் வருவதற்கு முன்பே இதற்கு வழி கண்டிருந்தார்கள். பாணியோடு நிற்காமல், தண்ணீர் முழுக்கப் போகும்வரை காய்ச்சிக் கட்டிச் சர்க்கரையாக்கி வைத்தார்கள். எங்கட பனங்கட்டி மாதிரி. காவவும் சுகம், வருசம் முழுக்கவும் இருக்கும்.

தேனுக்கும் இந்த ஊரில் ஒரு சிக்கல் வந்தது. ஒன்ராறியோக் குளிரில் தேன் உறையும். உறைந்தால் பழுது என்று நினைத்து எறிகிற ஆட்கள் இப்போதும் உண்டு. அது பழுதில்லை. ஆனால் குளுக்கோஸ் பளிங்காகிப் பிரிந்து போக, மிஞ்சுகிற திரவத்தில் தண்ணீர் வீதம் கூடும், அங்கே மதுவம் வேலையைத் தொடங்கும். குவெல்ப் நகரில் இருந்த ஒன்ராறியோ விவசாயக் கல்லூரியில் எல்ரன் டைஸ் என்பவர் இதை ஆராய்ந்து ஒரு முறை கண்டுபிடித்தார். முதலில் தேனைச் சூடாக்கி மதுவத்தைக் கொல்லவேண்டும். பிறகு குளிரவைத்து, நல்லாய் அரைத்த பழைய உறைதேன் 10 வீதம் அளவுக்குக் கலந்து, 14 பாகை அளவில் வைத்தால் வெண்ணெய் மாதிரி ஒரே சீராய் உறையும். 1935இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். கடையில் 'கிறீம் ஹனி' என்று வாங்கிப் பாணில் பூசுகிறீர்களே, அதற்குப் பின்னால் இருக்கிறது இந்தக் கதைதான்.

இனி ஒரு எச்சரிக்கை. இதை வாசித்துவிட்டு யாரும் வீட்டில் இறைச்சியைத் தேனில் போட்டுப் பார்க்கவேண்டாம். கிச்சின் வேலைக்கான வகுப்பில் எங்களுக்கு முதலில் சொல்லித்தருவதே 4 பாகைக்கும் 60 பாகைக்கும் இடையில் சாப்பாட்டை விட்டுவைக்காதே என்பதைத்தான். பொட்டுலிசம் என்ற நோயை உண்டாக்கும் பற்றீரியாவின் வித்திகள் தேனுக்குள் சாகாமல் கிடக்கும். தேன் தேனாக இருக்கும்வரை அவை முளைக்காது. ஈர இறைச்சியால் தேன் ஐதாகி, காற்றும் போகாமல் மூடியிருந்தால் அது அவற்றுக்கு வாய்ப்பான இடம். அப்புவுக்கு வித்தி தெரியாது, ஆனால் வத்தலைத் தட்டிப் பார்த்துச் சத்தத்தில் ஈரம் சொல்லத் தெரியும். எங்களுக்கு வித்தி தெரியும், அந்தக் காது இல்லை.

கைக்குழந்தை விசயம் இன்னும் கவனம். பிறந்த பிள்ளைக்கு நாக்கில் தேன் தொட்டு வைக்கிற பழக்கம் எங்கட வீடுகளில் இருக்கிறது. ஒரு வயதுக்குக் கீழே அந்த வித்தி குடலில் முளைத்து நஞ்சு உண்டாக்கலாம். மருத்துவ உலகம் இதைக் கண்டுபிடித்தது 1976இல்தான். ஆகவே எங்கட ஆச்சிமாரைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இப்போது தெரியும். கனடா சுகாதார அமைச்சும் ஒரு வயதுவரை தேன் வேண்டாம் என்றுதான் சொல்கிறது. போன வருசம் சொந்தத்துக்குள் ஒரு பிள்ளை பிறந்தபோது ஊரில் இருந்து வந்த தேன் போத்தலோடு கிழவி ஒருவர் நின்றா. கன நேரம் கதைக்கவேண்டி இருந்தது. கடைசியில், "சரி, பிள்ளையின்ர முதலாம் பிறந்தநாளுக்கு வைச்சிருக்கிறன், தேன் பழுதாகாதுதானே" என்றா. அதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

போத்தலில் இருப்பது தேன்தானா என்பது அடுத்த கேள்வி. 2018-2019இல் கனடா உணவுப் பரிசோதனை முகமை தேன் மாதிரிகளைச் சோதித்தபோது ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் வெளிச்சீனி கலந்திருந்தது. எல்லாம் இறக்குமதித் தேன். உள்ளூர்த் தேனில் ஒன்றும் பிடிபடவில்லை. யாழ்ப்பாணத்துச் சனத்தின் முறைப்பாடு உலகம் முழுக்க உள்ள முறைப்பாடுதான்.

வேடரிடம் திரும்புகிறேன். தேன் பொந்து ஏன் இல்லாமல் போனது? பிழைத்துப்போன முறை என்பதாலா? இல்லை. தேன் எடுக்கவும் வேட்டையாடவும் காடு வேண்டும். 1983இல் மாதுறு ஓயா தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டபோது தம்பானைப் பக்கத்து வேடரின் காடு அதற்குள் போய்விட்டது. கன குடும்பங்களை வெளியே கொண்டுபோய் வயலும் வாய்க்காலும் உள்ள குடியேற்றங்களில் இருத்தினார்கள். தலைவர் ஊருவரிகே திசாஹாமி போகமாட்டேன் என்று கடைசிவரை நின்றார். 1996இல் அவர்களுடைய ஆட்கள் ஜெனீவாவரை போய் ஐ.நா.வில் முறையிட்டார்கள். 1998இல் திசாஹாமி இறந்துபோனார். எந்தக் காட்டில் தேன் எடுத்தார்களோ அதே காட்டுக்குள் தேன் எடுக்கப்போனால் அத்துமீறல் என்று வழக்கு. 1983 என்றால் எங்களுக்கு ஒரே ஒரு அர்த்தம்தான். அந்த வருசத்தில் அவர்களும் வீடு இழந்தார்கள் என்பதை எங்களில் எத்தனை பேர் கேள்விப்பட்டோம்?

இதில் எங்களுக்குக் கிட்டவே உள்ள இன்னொரு பகுதி இருக்கிறது. வேடர் என்றால் சிங்களப் பகுதிக்காரர் என்று கனபேர் நினைக்கிறார்கள். மூதூர், வெருகல், வாகரைக் கரையோரத்தில் இருக்கிற வேடர் பேசுவது தமிழ். 1911இல் வந்த செலிக்மன் தம்பதியரின் வேடர் நூலில் கரையோர வேடருக்கென்று தனி அத்தியாயமே உண்டு, அப்போதே அவர்கள் தமிழ் பேசினார்கள். நொக்ஸ் பிடிபட்ட அதே குடாவின் அக்கம்பக்கம். காட்டை விட்டுக் கடலுக்கு வந்து மீன் பிடித்தார்கள். பிறகு யுத்தம், 2004இல் சுனாமி, 2006இலும் 2007இலும் வாகரையில் இருந்து சனம் முழுக்க இடம்பெயர்ந்தது. சனத்தொகைக் கணக்கில் அவர்கள் தமிழர். கலியாணப் பேச்சு என்று வந்தால் மட்டும் எங்கட ஆக்களுக்கு அவர்கள் வேடர்.

அப்புவிடம் இந்தத் தேன் முட்டி வேலையை ஆரிட்டப் பழகினனீங்கள் என்று நான் கேட்டதில்லை. அவர் போய் முப்பது வருசத்துக்கு மேலாகிறது. 2009க்குப் பிறகு அந்த வீட்டில் பரணும் இல்லை, முட்டியும் இல்லை.

உங்களில் யாருக்காவது வாகரை, கதிரவெளி, வெருகல் பக்கத்தில் வயதான சொந்தம் இருந்தால் ரெலிபோன் எடுக்கும்போது ஒருக்கால் கேட்டுப் பாருங்கள். நொக்ஸ் மரத்தின் பெயரை எழுதவில்லை. பாலைப் பொந்தா, வீரைப் பொந்தா, அல்லது வேறேதும் மரமா? கசப்பும் பாலும் இறைச்சியில் ஏறாத மரமாய் இருந்திருக்கவேண்டும். அதற்கு அவர்கள் வைத்திருந்த பெயரையும் கேளுங்கள்.